சமையலறையில் ஒரு சேவல்

கோவில் கூரை முடிய மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.
அதுவரை சேவல் என் வீட்டில்.

கீழிருந்து பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.
உல்திஸும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
வேனில் ஏற்றும்போதுதான் தெரிந்தது,
கன்றுக்குட்டி கனம்.

பட்டறை ஒழுகுகிறது.
அதனால் குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே
நிற்கிறது, என் துவாலையைக் காலடியில் விரித்து.

செம்புத் தகடு.
பொன்முலாம் கழுத்தில் மட்டும் மிச்சம்.
வாலில் ஏழு ஓட்டைகள்.
இந்த ஊர் வழியாகப் படைகள் போயின, திரும்பி வந்தன,
எந்தப் படையின் குண்டு என்று ஒருவருக்கும் தெரியாது.
குறிபார்க்க வேறொன்றும் கிடைக்காத மதியத்தில்
எவனோ ஒரு சிப்பாய்
சும்மா சுட்டிருக்கலாம்.
வாடை அடித்தால் சேவல் முனகும் என்பார்கள்.
ஓட்டைகள்தான் முனகியிருக்கின்றன.

காலையில் காபி வைக்கிறேன், பார்க்கிறது.
கண் என்று ஒன்றுமில்லை,
ஓர் ஆணித்தலை.

கோவிலின் தலையில் சிலுவையை வைக்காமல்
கோழியை ஏன் வைத்தார்கள் என்று
போதகரைக் கேட்டேன்.
"பேதுருவுக்காக. அப்புறம்,
மீனவர்களுக்குக் காற்று தெரிய வேண்டுமே"
என்றவர்
தகரத்தின் விலையைக் கூட்டப் போய்விட்டார்.

பேதுரு.
எனக்கு அந்த முற்றத்து நெருப்புதான் நினைவுக்கு வரும்.
பயந்து பொய் சொன்னான் என்கிறார்கள் எல்லாரும்.
குளிரில் கைநீட்டி நின்றான் என்று
யாரும் சொல்வதில்லை.
ஏப்ரல் வந்தும் ஆறு உருகாத ஊரில் பிறந்தவள் நான்.
அந்தக் கணப்பை விட்டு எழுந்து போக
எனக்கும் மனம் வந்திருக்காது.

கிர்ட்ஸ் என் தம்பி.
ரீகா பேருந்து நிலையத்தில், நவம்பரில்,
பெஞ்சில் கிடந்தான். ஒரு காலில் ஷூ இல்லை.
என் பக்கத்தில், எனக்கு வேலை தரப்போகிற மனிதர்.
"தெரிந்தவரா?"
"இல்லை."
காவலர் வந்து கூட்டத்தைப் பொதுவாகக் கேட்டார்,
இவருக்கு யாராவது இருக்கிறீர்களா என்று.
நான் பயணச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.
இருக்கை எண் பதினொன்று.
மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை.
பேருந்து பாலத்தில் திரும்புகையில்
கேட்காமலே சொன்னேன், எனக்குள்.

எதுவும் கூவவில்லை.
ஓட்டுநர் வானொலியைச் சத்தமாக வைத்தார்.
வேலை கிடைத்தது, எட்டு மாதம் பார்த்தேன்.

சிலுவை திரும்பாது. எந்தக் காற்றுக்கும் ஒரே முகம்.
என்னால் அப்படி நிற்க முடிந்ததே இல்லை.
சேவல் திரும்பும்,
கிழக்கென்றால் கிழக்கு, மேற்கென்றால் மேற்கு.
ஆனால் கம்பியை விட்டுப் போகாது.
இதைப் போதகரிடம் சொல்லவில்லை.
அவருக்குத் தகரக் கவலை.

நேற்றுவரை நான்கு ஓட்டைகளை அடைத்தேன்.
ஈயம் உருகும் வாசனையில்
இரவெல்லாம் தூக்கமில்லை.
மிச்சம் மூன்று.
ஒப்பந்தத்தில் ஏழு என்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உல்திஸுக்கு முதுகுப் பிடிப்பு.
திங்களன்று சேவலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
ஆள் வேண்டும், மறுபக்கம் பிடிக்க.
ஊரில் ஆளா இல்லை?
இருந்தும் நான் கூப்பிட்டது
ஆறு வருடமாக அழுத்தாத ஓர் எண்ணை.

"யார்?"
"வெல்கா."
"எந்த வெல்கா?"

தெரியாமல் கேட்டானா,
தெரிந்தே கேட்டானா.
சேவலைப் பார்த்தேன். அது ஜன்னலைப் பார்த்தது.
"உன் அக்கா" என்றேன்.
தொண்டையில் தகரம் உரசியது.

வெகுநேரம் மூச்சு மட்டும்.
பின்னால் யாரோ விறகு பிளக்கும் ஓசை.
கனமான ஒன்றைத் தூக்க வேண்டும் என்றேன்.
என்ன என்று கேட்கவில்லை.
"எத்தனை மணிக்கு?"
"விடியும்போது. கூட்டம் சேரும் முன்."
"அவ்வளவு சீக்கிரமா..."
இருமினான். பிறகு,
"சாப்பிட ஏதாவது இருக்குமா?"

இருக்கிறது என்றேன்.
புகை போட்ட மீன். ரொட்டி.
அடுப்பை மூட்டி வைக்கிறேன்,
வா.